கிளியின் அட்டையில் குதிரையின் ஒவ்வாமை

விலங்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது ஏனக்கா அப்போதுதான் அலுவலகத்துக்குள் நுழைந்து, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்க புரோகிராம் ஒரு கிளிக்கு பெனிசிலின் ஒத்துக்காதுன்னு சொல்லுதும்மா," என்றார் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் அண்ணன். "கிளிக்கு மூணு மாசம் வயசு. பொறந்ததுலேர்ந்து ஊசியே பாத்தது இல்ல. டாக்டரம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. நான்தான் தூக்கக் கலக்கத்துல எதையோ தட்டிட்டேனாம்."

"நீங்க தட்டுனீங்களா அண்ணே?"

"பேரு, வயசு, கால் வளையத்து நம்பர். இது மூணுதாம்மா அடிச்சேன். அடிச்சு முடிக்கிறேன், ஒவ்வாமைங்கிற இடத்துல பெனிசிலின் ஜம்முனு உக்காந்திருக்கு."

"அன்னிக்கு என்ன கிழமை?"

"கிழமை எதுக்கும்மா? நேத்து. புதன்."

கிழமை எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. கேட்டு வைப்பது அவள் பழக்கம். கையில் கிடைத்த காகிதத்தின் ஓரத்தில் 'புதன்' என்று எழுதி வைத்தாள்.

இந்தப் பழக்கத்தால்தான் அவளுக்கு அந்தப் பட்டமே வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், பதினொரு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. முப்பத்தாறு வயதில் அங்கே சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதமே ஏன் இது இப்படி, ஏன் அது அப்படி என்று எல்லாரையும் துளைத்தெடுத்தாள். "வந்துட்டாங்கடா ஏனக்கா" என்று யாரோ முணுமுணுக்கப் போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. போனை எடுத்தால் அவளே "ஏனக்கா பேசுறேன்" என்பாள்.

அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு பிரசவ மருத்துவமனையில் குமாஸ்தாவாக இருந்தாள். பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் புதுக் கோப்பு போடுவது வேலை. ஒருநாள் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும் வந்தார். குழந்தையின் பெயரை அடிக்காமல் அந்தத் திரை அடுத்த பக்கத்துக்கு நகரவே மாட்டேன் என்றது. "பொறந்து அஞ்சு நிமிஷம் ஆன குழந்தைக்கு ஏது சார் பேரு? ஏன் அதைக் கேக்குது?" என்றாள். அவர் ஒருமுறை திரையைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். கடைசியில், "ஒரு புள்ளி வச்சிட்டுப் போங்கம்மா" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் இதையே சொல்லிச் சொல்லி அவள் மாய்ந்து போக, துணி தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, இவ்ளோ கேள்வி கேக்கிறதுக்கு நீங்களே அதைப் படிச்சிட்டு வந்துடலாம். எங்க காதாவது பிழைக்கும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் படித்தே விட்டாள். இரண்டு வருடம் சாயங்கால வகுப்பு. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அவள் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். அதன் பிறகு இந்த வேலை. புதுசாக எழுதும் வேலை பெரும்பாலும் மின்னலுக்குப் போகும். மின்னல் என்பது அடுத்த மேசைக்காரன். விசைப்பலகையில் அவன் விரல் ஓடும் வேகத்துக்கு வைத்த பெயர். ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருப்பதைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது ஏனக்காவின் பங்கு.

கிளி விஷயத்தைக் கேட்டதும் மின்னல் வாய்விட்டுச் சிரித்தான். "அந்த அண்ணன் வேற எதையோ அமுக்கியிருப்பாரு அக்கா. விடுங்க."

அவள் விடவில்லை. தன் கணினியில் ஒரு கற்பனைக் கிளிக்கு அட்டை போட்டுப் பார்த்தாள். ஒவ்வாமைப் பட்டியல் காலியாகத்தான் வந்தது. இன்னொரு கிளி, ஒரு புறா, ஒரு மைனா. பத்துப் பறவைகள் ஆகியும் பெனிசிலின் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? சரியாத்தான் இருக்கு," என்றான் மின்னல்.

"இங்க சரியா இருக்கு. அங்க ஏன் இல்ல?"

அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவள் மருத்துவமனையின் பதிவுகளைத் திறந்து, ஒவ்வாமை எழுதப்பட்டிருக்கும் பறவைகளை மட்டும் தனியே எடுத்தாள். ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றும் முதன்முதலில் பதிவான தேதிக்கு எதிரே கிழமையைக் குறித்துக்கொண்டே வந்தவளுக்கு, ஐந்தாவது பறவையில் உடம்பு சிலிர்த்தது. ஒன்பதும் புதன்கிழமை.

அந்தப் புரோகிராமுக்குக் கிழமை பார்க்கத் தெரியாது. அப்படியென்றால் கிழமை பார்க்கிற வேறு எதுவோ அந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும். அடுத்த புதன் காலை எட்டரை மணிக்கே போய் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை அவளை முறைத்தது. ஒருவர் ஆமையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஒன்பது மணி வாக்கில் பின்பக்கத்து முற்றத்தில் குளம்புச் சத்தம் கேட்டது.

"அது என்ன அண்ணே?"

"குதிரைம்மா. குதிரைப் பயிற்சிப் பள்ளியிலேர்ந்து கூட்டிட்டு வருவாங்க. டாக்டரம்மா வாரத்துல ஒருநாள்தான் குதிரை பாப்பாங்க."

"எந்த நாள்?"

அவர் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார். "இன்னிக்குத்தாம்மா. புதன்."

ஏனக்கா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

ஒன்பது இருபதுக்குப் புதிதாக ஒரு செம்பழுப்புக் குதிரைக்கு அட்டை போட்டார்கள். அதற்கு சல்பா மருந்து ஆகாது என்று கூட வந்தவர் சொல்ல, அண்ணன் அதை அடித்தார். பத்தேகாலுக்கு ஒரு பெண் கூண்டில் ஜோடிப் பறவைகளோடு வந்தாள். புது அட்டை. பெயர், வயது, வளைய எண். அண்ணன் கடைசி விசையைத் தட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். சல்பா.

"நான் தொடல," என்றார் அவர், இரண்டு கையையும் மேசையிலிருந்து தூக்கி.

"நான் பாத்தேன் அண்ணே. நீங்க தொடல."

அவர் முகத்தில் ஒரு வாரமாக ஏறியிருந்த பாரம் இறங்கியதை அவள் கவனித்தாள். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த ஒன்று கதவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைக் காட்டியது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். "குதிரையோட ஒவ்வாமை எப்படியோ பறவைக்குத் தாவுது டாக்டர். நல்ல வேடிக்கை."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டார். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவில்லை.

"பறவைக்குத் தாவுதுன்னா, குதிரையிலேர்ந்து குதிரைக்கும் தாவுமா?"

ஏனக்காவுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"மூணு வாரம் முன்னாடி ஒரு பெண்குதிரை வந்துச்சு. காலைத் தரையில ஊன முடியல. எப்பவும் போடுற வலி மருந்து ஆகாதுன்னு உங்க அட்டை சொல்லுச்சு. அதனால லேசான மருந்துதான் குடுத்தேன். ரெண்டு நாள் தீனியைத் தொடாம நின்னுச்சு. அப்புறம் அதை வளர்க்கிறவரு வந்து, அந்த மருந்து வழக்கமா போடுறதுதானே, ஏன் போடலன்னு கேக்கிறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

குதிரைக்குக் குதிரை தாவியது யார் கண்ணிலும் படவில்லை. குதிரையின் அட்டையில் குதிரை மருந்து எழுதியிருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று மாதக் கிளியின் அட்டையில் ஏறியதால்தான் குட்டு வெளிப்பட்டது.

அலுவலகம் வந்ததும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் புரோகிராமின் நிரலைத் திறந்தாள்.

அந்தப் புரோகிராமில் நாய்க்கு ஒரு கிளாஸ், பூனைக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என்று இருந்தன. அந்தந்த வகை விலங்கின் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான வரைபடம் அது. ஒவ்வாமையைக் குறித்துக்கொள்வது எல்லா விலங்குக்கும் பொது. அதை ஒவ்வொரு கிளாஸிலும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரே இடத்தில் தனியாக எழுதி, வேண்டிய கிளாஸ்களில் எல்லாம் கலந்து விட்டிருந்தார்கள். அப்படிக் கலப்பதற்கென்றே எழுதுவதை மிக்சின் என்பார்கள். புதிதாக ஓர் அட்டை பிறக்கும்போது அதற்கென்று தனியாக ஒரு காலிப் பட்டியலை உண்டாக்கிக் கொடுப்பது அந்த மிக்சினின் முதல் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டை பிறக்கும் நேரத்தில் செய்வதற்கு கிளாஸுக்கும் சொந்த வேலை இருந்தால், கணினி முதலில் அந்தக் கிளாஸைத்தான் கூப்பிடும். அது தன் வேலையைச் செய்துவிட்டு, 'மிக்சினும் தன் வேலையைச் செய்யட்டும்' என்று முறையைத் தள்ளிவிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்: சூப்பர். அதை எழுத மறந்தால் மிக்சினின் முறை வரவே வராது. பட்டியல் பிறக்காது.

குதிரை கிளாஸில் அந்தச் சொல் இல்லை. பட்டியல் பிறக்காத குதிரையின் அட்டையில் ஒவ்வாமை எழுதப் போனால் புரோகிராம் நின்றுவிடும். பதினாலு மாதம் முன்பு அப்படி நின்றிருக்கிறது. நிற்காமல் இருக்க யாரோ மிக்சினுக்குள் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள்: தனக்கென்று பட்டியல் இல்லாத விலங்கு, பொதுவாக வைத்திருக்கும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளட்டும். அதாவது அன்றைக்குப் புதிதாக வரும், பட்டியல் பிறக்காத விலங்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். ஒரு குதிரைக்கு எழுதியது, பின்னால் வரும் எல்லாருக்கும் எழுதியதாகிவிடும். மறுநாள் காலை கணினியைப் புதிதாக இயக்கியதும் அது துடைத்து வைத்தது போலக் காலியாகிவிடும்; அட்டைகளில் ஏற்கெனவே பதிவானது மட்டும் அப்படியே நிற்கும். அவள் தன் கணினியில் பறவைகளை மட்டும் போட்டுப் பார்த்ததால், தாவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்ற விவரமும் அதிலேயே பதிவாகியிருக்கும். அந்த இரண்டு வரியை எழுதியவன் மின்னல். ஏனக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் கூப்பிட வாயெடுத்தவள், பறவைக்கு ஏன் தாவியது என்று பார்க்கப் பறவை கிளாஸைத் திறந்தாள். அதிலும் சூப்பர் இல்லை. குதிரை கிளாஸையே பறவையிலிருந்து அச்சு அசலாக நகல் எடுத்து, வளைய எண்ணுக்குப் பதில் லாட எண் என்று மின்னல் மாற்றியிருந்தான். பறவையை எழுதியவர் யார் என்று பார்த்தாள்.

அவள்தான். ஏழு வருடம் முன்பு, வேலையில் சேர்ந்து இருபத்திரண்டாவது நாள். அந்தக் கம்பெனியில் அவள் முதல்முதலாக எழுதிய கிளாஸ்.

பறவைக்கு ஒவ்வாமை என்று யாரும் எழுத நேராததால் ஆறு வருடம் அந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. தீனி தொடாமல் நின்ற அந்தப் பெண்குதிரையை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கண்முன்னால் வந்து நின்றது.

"தம்பி, இங்க கொஞ்சம் வா," என்றாள்.

மின்னல் படித்தான். காது மடல் சிவந்தது. "அன்னிக்கு அவங்க போன் மேல போன் போட்டாங்க அக்கா. குதிரை முற்றத்துல நிக்குது, அட்டை போட முடியலன்னு. எப்படியாவது ஓடினா போதும்னு..."

"நான் உன்னைத் திட்டக் கூப்பிடல. இதைப் பாரு." பறவையைக் காட்டினாள்.

அவன் எழுதியவர் பெயரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நாள் பூரா எதுக்கெடுத்தாலும் சூப்பர், சூப்பர்னு சொல்றோம். எழுத வேண்டிய இடத்துல ரெண்டு பேரும் விட்டுட்டோமே அக்கா," என்றான்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"ரெண்டு கிளாஸ்லயும் அந்த ஒரு சொல்லைப் போட்டா வேலை முடிஞ்சுது," என்றான் அவன்.

"நாளைக்கு முயலுக்கு ஒரு கிளாஸ் வரும். எழுதுறவங்க மறந்தா?"

"மறக்காதீங்கன்னு மேல ஒரு குறிப்பு எழுதி வைப்போம்."

"இருபத்திரண்டாவது நாள் நான் குறிப்பெல்லாம் படிச்சிருப்பேன்னு நினைக்கிறியா?"

அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில், அட்டை பிறக்கும் நேரத்தை நம்பியே இருக்க வேண்டாம் என்று முடிவானது. பட்டியலை யாராவது முதன்முதலில் கேட்கும்போது, இல்லையென்றால் அந்த அட்டையே தனக்கென்று ஒன்றை அந்த இடத்தில் உண்டாக்கிக்கொள்ளட்டும். யாரும் யாரையும் கூப்பிட மறந்தாலும் பாதகமில்லை. பொதுப் பட்டியலை மின்னல் தன் கையாலேயே நீக்கினான். விட்டுப்போன சொல்லை இரண்டு கிளாஸிலும் அவள் சேர்த்தாள். புது ஏற்பாட்டில் அது இல்லாமலும் ஓடும். இருந்தாலும் முறை முறைதான் என்றாள்.

மறுநாள் காலை துணி மடித்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப தப்பு உன்னுதா, அந்தப் பையனுதா?" என்றார்.

"என் ஓட்டைங்க. அவன் போட்ட ஒட்டு."

"டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லப் போற?"

"இப்படியேதான்."

அப்படியேதான் சொன்னாள். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். "சரி, இனிமே தாவாது. ஏற்கெனவே தாவினதை என்ன செய்யிறது?" என்றார். எது நிஜம், எது தாவியது என்று கணினியால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அழித்தால் நிஜமான ஒவ்வாமையும் சேர்ந்து அழியும். அது இதைவிட ஆபத்து. பதினாலு மாதத்தில் சந்தேகத்துக்குரிய அட்டைகள் நாற்பத்தேழு.

"நான் ஒவ்வொருத்தரையா கேக்கிறேன் டாக்டர்," என்றாள் ஏனக்கா. கேட்பதுதானே அவளுக்கு வரும்.

நாலு நாள் போனில் இருந்தாள். "உங்க புறாவுக்கு எப்பவாவது வலி ஊசி போட்டு உடம்பு தடிச்சுதாங்களா?" என்று அவள் கேட்பதைக் கேட்டு, கீழே கண்ணாடி வாங்க வந்து தவறுதலாக மாடியேறிய ஒருவர் அப்படியே திரும்பிப் போனார். ஒரு கிளிக்காரர், "எனக்கு ஜுரம் வந்தாலே நான் மாத்திரை போடுறதில்லம்மா, கிளிக்கா போடப்போறேன்?" என்றார். பயிற்சிப் பள்ளிக்காரர் ஒவ்வொரு குதிரையாக லாயத்துக்கு நடந்து போய், அதன் முகத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு வந்து பதில் சொன்னார். பேச்சோடு பேச்சாக, இரண்டு குதிரைகளுக்கு நிஜமாகவே ஆகாத மருந்து ஒன்று இருப்பதும், அதை யாரும் எந்த அட்டையிலும் எழுதாததும் வெளியே வந்தது. முன்பே ஏன் சொல்லவில்லை என்றாள். "யாரும் கேக்கலையேம்மா," என்றார் அவர்.

நாற்பத்தாறு அட்டை தீர்ந்தது. ஒன்று மட்டும் மிச்சம். சிறகு ஒடிந்த ஆந்தை. சாலையோரத்தில் கிடந்ததை வழிப்போக்கர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போன் நம்பர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். சிறகு கூடியதும் ஆந்தையும் பறந்துவிட்டது. அட்டையில் பெனிசிலின் இருந்தது.

"இதை அழிச்சிடலாமா டாக்டர்? பட்டியல் காலியா இருக்கட்டும்."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "காலின்னா என்ன அர்த்தம்?" என்றார்.

"ஒவ்வாமை இல்லைன்னு."

"இல்லைன்னு யார் சொன்னா? அந்த ஆந்தைகிட்ட யாரும் கேக்கல. பள்ளிக்காரர்கிட்டயும் யாரும் கேக்கல. அந்த ரெண்டு குதிரைங்க அட்டையும் காலியாத்தானே இருந்துச்சு? விசாரிச்சுப் பாத்து ஒண்ணும் இல்லாததும் காலி, விசாரிக்கவே இல்லாததும் காலி. நான் ஊசியைக் கையில எடுக்கும்போது எந்தக் காலின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஏனக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டியல் பிறக்கிறதா இல்லையா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறக்கிற பட்டியல் காலியாகப் பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவளும் கேட்டதில்லை. அந்த மிக்சினை முதலில் எழுதியவரும் கேட்டிருக்க மாட்டார்.

"எனக்கு இது தோணவே இல்ல டாக்டர்," என்றாள்.

"எனக்கும் இப்பதான் தோணுது."

அடுத்த வாரம் முழுக்க அந்த ஒரே வேலை. இப்போது அந்த மருத்துவமனையில் எந்த விலங்குக்கு அட்டை போட்டாலும், நாயோ ஆமையோ குதிரையோ, ஒவ்வாமை என்ற இடம் 'இன்னும் கேட்கவில்லை' என்ற சொற்களோடுதான் பிறக்கிறது. யாராவது கேட்டு, யார் சொன்னார் என்பதையும் அடித்தால்தான் அது 'இல்லை' என்றோ, ஒரு மருந்தின் பெயராகவோ மாறும். ஆந்தையின் பெனிசிலினும், பதிவில் இருந்த பழைய காலிப் பட்டியல்களும் அப்படியே மாறின. இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள்.

வரவேற்பு அண்ணன் போன் போட்டார். "என்னம்மா இது, வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருக்கணுமா? காலையிலேர்ந்து வாய் வலிக்குது."

"எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க அண்ணே?"

"பத்தொன்பது."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஒரு நாய்க்குத் தேனீ கொட்டினா முகம் வீங்குமாம். ஒரு பூனைக்கு ஏதோ மயக்க மருந்து ஆகாதாம். அப்புறம் ஆமைக்காரர்." குரல் சற்றுத் தாழ்ந்தது. "நாலு வருஷமா வந்துட்டு இருக்காரும்மா. அதுக்கு இடது கண்ணு தெரியாதாம். இன்னிக்குத்தான் சொல்றாரு."

"ஒவ்வாமைங்கிற இடத்துல அதை எழுத முடியாதே அண்ணே."

"அதான் கேக்கிறேன். எங்க எழுதுறது?"

ஏனக்கா காகிதத்தை இழுத்துக்கொண்டாள். "ஆமையோட அட்டை நம்பர் சொல்லுங்க," என்றாள்.